தூக்கால் என்ன பயன்? கணக்குக் காட்டுங்கள்: நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு, புதுச்சேரியின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் 2015 ஆகஸ்ட் 31 அன்று தன் 262ஆவது அறிக்கையை வெளியிட்டது. பயங்கரவாதம், நாட்டுக்கு எதிராகப் போர் தொடுத்தல் ஆகியவற்றைத் தவிர மற்ற எல்லாக் குற்றங்களுக்கும் மரண தண்டனையை ஒழித்துவிடலாம் என்பது அதன் பரிந்துரை. பத்து ஆண்டுகள் தாண்டியும் அது சட்டமாகவில்லை. நடந்ததெல்லாம் நேர் எதிர். 12 வயதுக்குட்பட்ட சிறுமியரை வன்புணர்ந்தால் தூக்கு என்று 2018இல் சட்டம் வந்தது. 2019இல் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்திலும் தூக்கு நுழைந்தது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் கும்பல் கொலைக்கும், 18 வயதுக்குட்பட்டவர்கள் மீதான கூட்டு வன்புணர்வுக்கும் அது விரிந்தது. 2023 டிசம்பரில் அந்தச் சட்டம் மக்களவையில் நிறைவேறியபோது உங்களில் பலர் இடைநீக்கம் செய்யப்பட்டு வெளியே நின்றீர்கள், அதை மறக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் உங்கள் கட்சி மேடைகளில் ஒவ்வொரு கொடூரத்தின்போதும் எழும் முதல் கோரிக்கை தூக்குதான்.

எப்போதும் ஒரே காரணம்தான் சொல்லப்படுகிறது. தூக்கு இருந்தால் பயம் இருக்கும், பயம் இருந்தால் குற்றம் குறையும். சரி, இது பயனைக் காட்டி வைக்கப்படும் வாதம். இதைத் தத்துவத்தில் பயன்வாதம் என்கிறார்கள். அதன் மூலவர் ஜெரமி பெந்தம், தண்டனை என்பதே ஒரு தீமை, அதைவிடப் பெரிய தீமையை அது தடுத்தால் மட்டுமே அதற்கு இடம் உண்டு என்றார். உயிரை எடுக்கும் உரிமை அரசுக்கு உண்டா என்ற கேள்வியை இந்த மடலில் நான் எழுப்பப் போவதில்லை. நீங்கள் எடுத்த அளவுகோலையே நானும் எடுத்துக்கொள்கிறேன். ஒருவரைத் தூக்கிலிடுவதால், அவரை 30 ஆண்டுகள் வெளியே விடாமல் வைத்திருப்பதால் கிடைக்காத எந்த நன்மை நாட்டுக்குக் கிடைக்கிறது?

தமிழ்நாட்டின் மத்திய சிறைகளில் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். எழுத்தறிவு வகுப்பு எடுப்பது என் வேலை. அதைவிட அதிகமாகச் செய்தது கைதிகளுக்கு மனுவும் கடிதமும் எழுதிக் கொடுத்தது. தூக்குக் கைதிகளுக்கும் எழுதியிருக்கிறேன். அவர்களில் சிலரின் தீர்ப்பைப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வந்ததில்லை. என் பேத்தி நடமாடும் தெருவில் அவர்கள் நடமாட நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். குற்றவாளிகளுக்காக உருகுகிறவன் என்று என்னை ஒதுக்கிவிடாதீர்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

முதலில் பயத்தைப் பார்ப்போம். நான் குமரி மாவட்டத்துக்காரன். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய எங்கள் நான்கு தாலுக்காக்களும் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தவை. திருவிதாங்கூர் 1944இல் மரண தண்டனையை ஒழித்தது. இந்தியாவோடு இணைந்து இந்தியச் சட்டம் வந்ததும் தூக்கும் திரும்ப வந்தது. தூக்கு இல்லாத 1945 முதல் 1950 வரை அங்கே நடந்த கொலைகள் 962. தூக்கு திரும்பிய பின், 1950 முதல் 1955 வரை, 967. ஐந்து கொலை கூடியதற்குத் தூக்குதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. குறையவில்லை என்று மட்டும் சொல்கிறேன். அதே மண், அதே மக்கள், அதே வரப்புத் தகராறு, அதே சாராயம். இதைவிடப் பக்கத்தில் உங்களுக்கு வேறு என்ன சோதனை வேண்டும்? இருந்தும் 1967இல் வந்த சட்ட ஆணையத்தின் 35ஆவது அறிக்கை, தூக்கை ஒழித்துப் பார்க்கும் சோதனையை இந்தியா தாங்காது என்று முடித்தது. அந்தச் சோதனையை எங்கள் ஊர் ஏற்கனவே நடத்திப் பார்த்துவிட்டது.

வெளிநாட்டுக் கணக்கும் வேண்டுமென்றால், அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் கழகம் 2012இல் முப்பது ஆண்டுகளுக்கும் மேலான ஆய்வுகளை அலசியது. தூக்கு கொலையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா, ஒன்றும் செய்வதில்லையா என்று சொல்ல அந்த ஆய்வுகள் எதுவும் உதவாது என்பதே அதன் முடிவு. 'அப்படியானால் பயன் இல்லை என்றும் நிரூபணமாகவில்லையே' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் உயிரை எடுப்பவர் அல்லவா நிரூபிக்க வேண்டும்? ஒரு தடுப்பூசியை மக்களுக்குப் போடும் முன்பு எத்தனை சோதனை கேட்கிறீர்கள்!

சிறையில் நான் பேசிப் பார்த்த கொலைக் கைதிகளில் பெரும்பாலோர் அந்த நேரத்தில் தண்டனையை நினைத்தே பார்க்கவில்லை. குடிபோதை, சொத்துச் சண்டை, சந்தேகம், சாதி வெறி. கையில் அரிவாள் அகப்பட்டது, வெட்டிவிட்டார்கள். திட்டம் போட்டுச் செய்தவர்கள் வேறு ரகம். அவர்கள் யோசித்தார்கள். மாட்டிக்கொள்வோமா என்று யோசித்தார்கள், மாட்ட மாட்டோம் என்று முடிவு செய்தார்கள். ஆயுளா தூக்கா என்று எடை போட்டுப் பார்த்தவர் ஒருவரைக்கூட நான் சந்திக்கவில்லை.

பிடிபடுவோம் என்ற நிச்சயம்தான் கையைக் கட்டும். இது என் குடும்பத்தில் பட்ட பாடம். என் மனைவியின் தம்பியைக் கொடுக்கல் வாங்கல் தகராறில் வெட்டிக் கொன்றார்கள். ரத்தக்கறை படிந்த சட்டை ஆய்வகத்துக்குப் போனதே பல வாரம் கழித்துத்தான். வழக்கு கூண்டேறுவதற்குள் ஆண்டுகள் ஓடிவிட்டன. நேரில் பார்த்த இருவரும் பிறழ் சாட்சி ஆனார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களின் வீட்டுக்கு எதிரே குடியிருப்பவர்கள், அவர்களுக்கு யார் பாதுகாப்பு? எல்லோரும் விடுதலை. என் மாமியார் கடைசிவரை கேட்டது, "யார் செஞ்சான்னு கோர்ட்டு ஒரு வார்த்த சொல்லட்டும்" என்பதுதான். அந்த ஒரு வார்த்தை கிடைக்காமலே போய்ச் சேர்ந்தார். சட்டப் புத்தகத்தில் அப்போதும் கொலைக்குத் தூக்கு இருந்தது. அவருக்கு அதனால் என்ன பயன்?

இப்போது தவறுகளுக்கு வருகிறேன். மரண தண்டனையை ஆதரிப்போர் பயன்வாதிகளில் ஜான் ஸ்டூவர்ட் மில்லைத் துணைக்கு அழைப்பதுண்டு. 1868 ஏப்ரலில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அவர் தூக்கை ஆதரித்துப் பேசியது உண்மை. ஆனால் அதே பேச்சில் ஓர் எதிர்வாதத்துக்குக் கனம் உண்டு என்று அவரே ஒப்புக்கொண்டார்: நிரபராதி தூக்கில் ஏறிவிட்டால் திருத்த முடியாது. நிரபராதிகளுக்கு ஆபத்தான விசாரணை முறை இருக்கும் நாடுகளில் அந்த எதிர்வாதத்தை வெல்லவே முடியாது என்றார். இங்கிலாந்தின் விசாரணை முறை அப்படிப்பட்டதல்ல என்று அவர் நம்பியதால்தான் தூக்கை ஆதரித்தார். நம் விசாரணை முறை எப்படிப்பட்டது?

தமிழர் எல்லோருக்கும் தெரிந்த வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. குற்றம் சாட்டப்பட்டு எதிரே நின்ற அத்தனை பேருக்கும். 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை வெளியே விட்டது. மூவருக்கு ஆயுள். நால்வருக்கு மட்டும் தூக்கு நின்றது. 2000இல் நளினியின் தூக்கு ஆயுளானது. மற்ற மூவருக்கும் 2011 செப்டம்பர் 9 என்று நாள் குறிக்கப்பட்டது, சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கும் தண்டனையைக் குறைத்தது. அந்த மூவரில் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியோ, அவர் சொன்னதில் ஒரு முக்கியமான பகுதியை, தான் வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்றதை, எழுதாமல் விட்டுவிட்டதாக 2013இல் பகிரங்கமாகச் சொன்னார். குறித்த நாளில் கயிறு இறங்கியிருந்தால் அந்த அதிகாரியின் மனசாட்சி பேசியும் என்ன? அந்த எழுவரும் குற்றமற்றவர்கள் என்று நீதிமன்றம் அறிவிக்கவில்லை என்பதையும், அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு சேர்ந்து மாண்ட காவலர்களின், தொண்டர்களின் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன என்பதையும் மறைக்காமல்தான் சொல்கிறேன். 26 என்று தொடங்கிய எண்ணிக்கை பூஜ்யத்தில் வந்து நின்றது. முதல் தீர்ப்பின்படியே நடந்திருந்தால் 26 பிணங்கள்.

இது விதிவிலக்கும் அல்ல. மகாராஷ்டிரத்தில் 2003இல் நடந்த ஒரு கொலை வழக்கில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேர் சிக்கினார்கள். உயர் நீதிமன்றம் மூவருக்குத் தூக்கை ஆயுளாகக் குறைத்திருந்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அந்த மூவருக்கும் சேர்த்து ஆறு பேருக்கும் தூக்கை உறுதி செய்தது. 2019 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம், ஆறு பேரும் நிரபராதிகள், தலைக்கு ஐந்து லட்ச ரூபாய் இழப்பீடு கொடுங்கள் என்றது. அவர்கள் உயிரோடு இருந்ததால்தான் அந்தப் பணத்தை வாங்க முடிந்தது. 1996இல் ராஜஸ்தானில் ராவ்ஜி ராவ் என்பவர் தூக்கிலிடப்பட்டார், 1997இல் சுர்ஜா ராம். இந்தத் தண்டனைகள் சட்டத்துக்கு மாறாக, ஐந்து நீதிபதிகள் கொண்ட முந்தைய அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பைக் கவனிக்காமல் கொடுக்கப்பட்டவை என்று உச்ச நீதிமன்றம் 2009இல் தொடங்கிய ஒரு வரிசைத் தீர்ப்புகளிலிருந்து தெரியவந்தது. அதைச் சுட்டிக்காட்டி ஓய்வுபெற்ற நீதிபதிகள் 14 பேர் 2012இல் குடியரசுத் தலைவருக்கு எழுதினார்கள். நீதிபதிகளே எழுதினார்கள், உறுப்பினர்களே. அந்த இருவருக்கும் இழப்பீடு எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?

டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2000க்குப் பிந்தைய பதினைந்து ஆண்டு காலத்தில் விசாரணை நீதிமன்றங்கள் விதித்த தூக்குகளில் மேல்முறையீடு எல்லாம் முடிந்து நிலைத்தவை 4.9 விழுக்காடு. நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. மீதியில் கணிசமானோர் தண்டனை குறைந்தவர்கள் அல்ல, குற்றமே நிரூபணமாகாமல் வெளியே வந்தவர்கள். இப்படித் தடுமாறும் ஒரு துறைக்கு உயிரை எடுக்கும் அதிகாரத்தை மேலும் மேலும் விரித்துக் கொடுக்கிறீர்கள்.

அந்த ஆய்வு பேட்டி கண்ட தூக்குக் கைதிகளில் முக்கால்வாசிப் பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். எனக்கு இது புள்ளிவிவரமாகத் தெரிந்த செய்தி அல்ல. உயர் நீதிமன்றம் தூக்கை உறுதி செய்த ஒருவர், தீர்ப்பு நகலை ஒரு துணிக்கடைப் பையில் போட்டு வைத்திருப்பார். எல்லாம் ஆங்கிலம். அவருக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். தன் பெயர் ஆங்கிலத்தில் எப்படி இருக்கும் என்று என்னிடம் ஒரு துண்டுத்தாளில் எழுதி வாங்கினார். அடுத்த வாரம் போனபோது அந்தத் தாளை ஒவ்வொரு பக்கமாக வைத்து ஒப்பிட்டு, பெயர் வந்த இடத்தில் எல்லாம் பென்சிலால் கோடு போட்டிருந்தார். "வாத்தியாரே, இந்தக் கோட்டுக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு மட்டும் படிச்சுச் சொல்லுங்க" என்றார். தனக்கு எதிராக யார் என்ன சாட்சி சொன்னார்கள் என்பதையே அன்றுதான் முழுதாகக் கேட்டார். விசாரணையின்போது இலவச சட்ட உதவியில் வந்த வழக்கறிஞரை நீதிமன்றத் தாழ்வாரத்தில் பார்த்ததோடு சரி. டெல்லியில் தனக்காக வாதாடியவரின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. பிறகு உச்ச நீதிமன்றம் அவருடைய தூக்கை ஆயுளாகக் குறைத்தது. செய்த குற்றத்தை அவர் என்னிடம் மறுத்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் உயிர் தப்பியதும் சரி, போயிருந்தாலும் சரி, நல்ல வழக்கறிஞர் வாய்த்தாரா என்பதைப் பொறுத்த விஷயமாகவே இருந்தது.

பாதிக்கப்பட்டவர்களின் பெயரால்தான் தூக்கு கேட்கப்படுகிறது. சென்னைப் புறநகரில் 2017இல் ஏழு வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கு நினைவிருக்கும். மறு ஆண்டே தூக்குத் தீர்ப்பு வந்தது, சில மாதங்களில் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது, வேகத்தை ஊரே பாராட்டியது. 2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த இளைஞரை விடுவித்தது. சாட்சியங்களின் சங்கிலி நிரூபிக்கப்படவில்லை, தற்காத்துக்கொள்ள அவருக்கு உரிய வாய்ப்பும் தரப்படவில்லை என்றது. அவசரமாகத் தூக்கு வாங்கப் போய், அந்தப் பெற்றோருக்குக் கிடைக்க வேண்டிய உறுதியான தீர்ப்பே இல்லாமல் போனது. எட்டு ஆண்டுகள் கழித்து அவர்கள் யாரிடம் போய் நிற்பார்கள்? பயனைக் கணக்கிடும் ஒருவர் அவர்களின் வேதனையை எந்தப் பக்கத்தில் எழுதுவார்?

குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்துக்குத் தூக்கு என்பதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், வன்புணர்வு வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் குற்றம் சாட்டப்படுபவர் தெரிந்தவர்: சொந்தக்காரர், அக்கம்பக்கத்தவர், வீட்டுக்கு வந்துபோகிறவர். என் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். ஒரு சிறுமி தனக்கு நடந்ததைச் சொன்னபோது முறைப்படி புகார் கொடுக்க ஏற்பாடு செய்தார். சிறுமியின் தாய் பள்ளிக்கு வந்து காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். "என் தம்பிதான் டீச்சர். தூக்குல போட்டுருவாங்களாமே. எங்கம்மா உசுர விட்டுரும்." புகார் போனது. பிறகு அந்தக் குழந்தையே மாற்றிச் சொன்னாள், சொல்ல வைத்தார்கள். உயிர் போகும் என்றால் குடும்பம் வாயை மூடும். இன்னொன்றும் உண்டு, எழுதவே கை கூசுகிறது: கொன்றாலும் தூக்கு, கொல்லாவிட்டாலும் தூக்கு என்றால், ஒரே சாட்சியான அந்தக் குழந்தையை உயிரோடு விட அவனுக்கு என்ன காரணம் இருக்கும்? 2012 டெல்லி கூட்டு வன்புணர்வுக்குப் பின் மத்திய அரசு அமைத்த நீதிபதி வர்மா குழு 2013இல் வன்புணர்வுக்குத் தூக்கைப் பரிந்துரைக்க மறுத்தது யோசித்துத்தான்.

'அவனுக்கு ஏன் நம் வரிப்பணத்தில் சோறு' என்ற பேச்சுக்கு நீண்ட பதில் தேவையில்லை. தூக்குக் கைதிக்கு இரவு பகல் தனிக்காவல், ஆண்டுக்கணக்கில் வழக்கு மேல் வழக்கு. ஆயுள் கைதி வேலை செய்கிறார். நம் சிறைத்துறையின் பெட்ரோல் பங்குகளில் உங்கள் வண்டிக்கே எண்ணெய் போட்டிருப்பார். ஊதியத்தில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டோருக்கான நிதிக்குப் பிடிக்கப்படுகிறது.

வெளியே வந்துவிடுவாரே என்பது மட்டும்தான் உண்மையான அச்சம். அதற்கும் வழி இருக்கிறது. 25, 30 ஆண்டுகள், தேவைப்பட்டால் வாழ்நாள் முழுவதும் தண்டனைக் குறைப்பே இல்லாத சிறை விதிக்க உயர் நீதிமன்றங்களுக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் அதிகாரம் உண்டு என்று 2015இல் அரசியல் சாசன அமர்வே உறுதி செய்திருக்கிறது. சமூகத்தைப் பாதுகாப்பது அதிலேயே நிறைவேறிவிடுகிறது. அதற்கு மேல் தூக்கு கூடுதலாகத் தருவது திருத்த முடியாத தவறை மட்டுமே.

எனவே உங்களிடம் கேட்பவை இவை.

262ஆவது அறிக்கையை இரு அவைகளிலும் முழு விவாதத்துக்கு எடுக்கக் கோரி நோட்டீஸ் கொடுங்கள். அதன் ஒவ்வொரு பரிந்துரையையும் அரசு ஏற்கிறதா, இல்லையென்றால் எந்த ஆதாரத்தின் பேரில் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். அந்த விவாதம் முடியும்வரை நாட்டில் எந்தத் தூக்கும் நிறைவேற்றப்படக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவாருங்கள்.

உயிரிழப்பு நேராத குற்றங்களுக்கான தூக்கை, போக்சோவில் உள்ளதையும் சேர்த்து, நீக்கும் திருத்தத்தை முன்வையுங்கள். அவற்றுக்குத் தண்டனைக் குறைப்பு இல்லாத நீண்ட சிறையை வையுங்கள். இனி எந்தச் சட்டத்தில் தூக்கைச் சேர்க்க அரசு வந்தாலும், அதனால் குற்றம் குறையும் என்பதற்கான ஆதாரத்தை அவையில் வைத்த பிறகே வாக்கெடுப்பு என்று வலியுறுத்துங்கள். இதே கோரிக்கையை உங்கள் கட்சிகளின் சட்டப்பேரவை உறுப்பினர்களிடமும் வைக்கிறேன். 2025 ஜனவரியில் தமிழ்நாடு சட்டப்பேரவையும் தண்டனையைக் கூட்டும் வழியில்தான் போனது.

தூக்கு விதிக்கப்படக்கூடிய ஒவ்வொரு வழக்கிலும் விசாரணையின் முதல் நாளிலிருந்தே அனுபவமுள்ள வழக்கறிஞர் அரசு செலவில் கிடைக்க வேண்டும். எல்லா நிலைத் தீர்ப்பும் கைதிக்குத் தெரிந்த மொழியில், வழங்கப்பட்ட ஒரு மாதத்துக்குள் கையில் சேர வேண்டும். தடயவியல் ஆய்வகங்களுக்கும் சாட்சிப் பாதுகாப்புக்கும் உங்கள் மாநிலத்துக்கு எவ்வளவு நிதி வந்தது, எத்தனை பணியிடம் காலி என்று அடுத்த கூட்டத்தொடரிலேயே கேள்வி எழுப்புங்கள். கொலையுண்டவரின் குடும்பத்துக்கான இழப்பீடு, தீர்ப்புக்குக் காத்திராமல், குற்றப்பத்திரிகை தாக்கலாகும்போதே கிடைக்கச் செய்யுங்கள்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், ஏன் என்று உங்கள் தொகுதி மக்களுக்கு அடுத்த கூட்டத்தொடர் தொடங்கும் முன் எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிறை ஆசிரியர் ஒருவர்
நாகர்கோவில்